வாங்க மகாராஜா

“வாங்க மகாராஜா!” என்றது வாசற்கதவின் பூட்டு.

சமையலறையில் நின்றவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். அந்தக் கைரேகைப் பூட்டு இரண்டே பேருக்குத்தான் திறக்கும். அவள் தொட்டால் “வாங்க மகாராணி”, கணவர் தொட்டால் “வாங்க மகாராஜா.” குறும்பாக அப்படிப் பதிந்து வைத்தவர் அவர்தான்.

அவர் விபத்தில் இறந்து ஒரு வருஷம் ஆகிறது. பதிவை அழிக்க அவளுக்கு மனம் வரவில்லை.

கையில் அகப்பட்ட குக்கர் மூடியைக் கேடயம் மாதிரிப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். முன்பின் தெரியாத இளைஞன் ஒருவன், அவளைவிட மிரண்டுபோய் நின்றான்.

“யாருடா நீ? எப்படித் திறந்தே?”

“ஐயோ அக்கா, காலிங் பெல்லுன்னு நெனச்சுத் தொட்டேன். சத்தியமா அவ்வளவுதான்!”

“பொய் சொல்லாதே! அது அவர் விரலுக்குத்தான் திறக்கும்!”

அவன் சட்டைக் கையை மேலே சுருட்டினான். இரண்டு மணிக்கட்டைச் சுற்றியும் தையல் தழும்பு.

“மெஷின்ல மாட்டி ரெண்டு கையும் போயிடுச்சுக்கா. அன்னிக்கு ஆஸ்பத்திரியில நீங்க சம்மதிச்சதாலதான் அண்ணனோட கை எனக்கு வந்துச்சு. நன்றி சொல்லத்தான் தேடிப் பிடிச்சு வந்தேன்.”

குக்கர் மூடி கீழே விழுந்து உருண்டது.

அவள் அவன் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினாள். உள்ளேயிருந்து, உடைந்த குரலில் சொன்னாள்:

“தம்பி... இன்னொரு தடவை தொடுங்க.”