பயந்தாங்கொள்ளி

"பேய்க்கு இன்னிக்கு வழியனுப்பு விழா. போகமாட்டேன்னு என்ன அடம் பிடிக்கப் போகுதோ" என்றாள் பாக்கெட், கையிலிருந்த சட்டையை உதறி வைத்துவிட்டு.

பாக்கெட் என்பது அவள் பெயரல்ல. அந்தத் தையல் கூடத்தில் ஒவ்வொருவரும் சட்டையில் ஒரு பாகம் மட்டும்தான் தைப்பார்கள். எதைத் தைக்கிறார்களோ அதுவே பெயராக ஒட்டிக்கொண்டுவிடும். காலர் தைக்கிறவள் காலர் அக்கா. நான்கு மாதத்துக்கு முன்பு சேர்ந்து, பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுக்கிறவள் காஜா. பெற்றவர்கள் ஆசையாய் வைத்த பெயரெல்லாம் வருகைப் பதிவேட்டோடு சரி.

சனிக்கிழமை இரண்டு மணிக்குச் சாப்பாட்டு இடைவேளை. துணி வெட்டும் மேசைக்குப் பின்னால் முதலாளியின் பழைய டிவி. அதில் வாரம் ஒரு முறை அந்தப் பேய்வீட்டுத் தொடர். அப்போதெல்லாம் ஒரு தடவை ஓடினால் ஓடியதுதான். தவறவிட்டால் பார்த்தவர்கள் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

பேய்க்கதை என்று பெயரே தவிர, அதில் பயத்தைவிட அழுகைதான் அதிகம். எட்டு வயது மகள் ஆற்றில் மூழ்கிச் செத்துப்போகிறாள். அப்பா அவள் அறையைப் பூட்டிச் சாவியை ஒளித்துவிடுகிறார். பூட்டிய கதவுக்குப் பின்னாலிருந்து அவள் அம்மாவோடு பேசுகிறாள், சிரிக்கிறாள், வாய்ப்பாடு ஒப்பிக்கிறாள். ஒரு வாரம்கூட முகம் காட்டியதில்லை. இன்று கடைசி வாரம்.

பூட்டிய அப்பனுக்கு நெஞ்சில் ஈரமே இல்லை என்பது பாக்கெட்டின் கட்சி. பேயாவது ஒன்றாவது, எல்லாம் அந்தத் தாயின் மனப்பிரமை என்றார் கட்டிங் மாஸ்டர். அப்படியானால் அந்தக் குரல் தனக்கும் கேட்கிறதே, தனக்கும் மூளை கலங்கிவிட்டதா என்று பாக்கெட் கேட்க, அதில் அவளுக்குச் சந்தேகம் வேறா என்றார் மாஸ்டர். கூடமே சிரித்தது.

காஜா மட்டும் சிரிக்கவில்லை. பாதிச் சாப்பாட்டோடு டப்பாவை மூடி வைத்தாள்.

காலர் அக்கா புருஷனைப் பறிகொடுத்து இரண்டு வருடமாகிறது. அதனால் இந்தக் கதையில் அவள் சொல்லுக்குத் தனி மரியாதை உண்டு.

"போனவங்கள விட்டுடணும். இழுத்துப் பிடிச்சு வச்சா அவங்களுக்கும் நிம்மதி இல்ல, நமக்கும் இல்ல" என்றாள்.

"கதவுக்கு அந்தப் பக்கம் அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டுமேக்கா. யாருக்கு என்ன தொந்தரவு?"

கேட்டது காஜா. ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம் என்று இருப்பவள். காலர் அக்காவுக்கு ஆச்சரியமாக இருந்தது.

ஏனென்றால் பேயின் குரல் வந்தாலே காஜா கண்ணை இறுக மூடிக்கொள்வாள். கைக்குட்டையைக் கசக்கிப் பிழிவாள். நெற்றியில் வேர்த்துக் கொட்டும். பயந்தாங்கொள்ளி என்று பாக்கெட் ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தாகிவிட்டது. இவ்வளவு பயப்படுகிறவள் ஒரு வாரம் தவறாமல் முதல் வரிசையில் வந்து உட்காருவானேன் என்பதுதான் யாருக்கும் புரியவில்லை. பயந்துகொண்டே பார்ப்பதில்தான் ருசி என்பார் மாஸ்டர்.

இன்று காலையில் அவசர ஆர்டர் வந்து, டிவி கிடையாது என்று அதே மாஸ்டர் சொன்னபோது காஜா அழாத குறையாகக் கெஞ்சினாள். சாயங்காலம் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருந்து முடித்துத் தருவதாகச் சொன்னாள். ஒரு பேய்க்காக ஒருத்தி இப்படிக் கெஞ்சுவதைப் பார்த்து மாஸ்டருக்கே மனம் இளகிவிட்டது.

காலர் அக்காவுக்கு அவள்மேல் முதல் நாளிலிருந்தே பாசம். பிள்ளைகள் உண்டா என்று கேட்டதற்கு, இல்லை என்று சொல்லிவிட்டு அவள் தலை குனிந்ததைக் கண்டு, இனி இவள் நம் தங்கச்சி என்று மனதுக்குள் முடிவு கட்டியிருந்தாள்.

தொடர் ஆரம்பித்தது. அந்தத் தாய் சாவியைத் தேடி எடுத்துவிட்டாள். கதவின் முன்னால் மண்டியிட்டாள். உள்ளே இருந்து, "அம்மா, நான் கிளம்பறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லட்டுமா?" என்றது குரல்.

காஜா கண்ணை மூடிக்கொண்டு, விழுந்துவிடுவாள்போல முன்னால் சாய்ந்தாள். உதடு வெளுத்துவிட்டது.

இதற்கு மேல் காலர் அக்காவால் பொறுக்க முடியவில்லை. ஒரு கதைக்காக இந்தப் பெண் மயங்கி விழ வேண்டுமா? சட்டென்று எழுந்து, டிவியின் சத்தத்தை ஒரே திருகாகத் திருகி நிறுத்தினாள்.

திரையில் தாய் எதையோ கேட்டுக் கேட்டுத் தலையாட்டினாள். அழுதுகொண்டே சிரித்தாள். கதவைத் திறந்தாள். அறை வெறுமையாக இருந்தது. முற்றும் என்று எழுத்து வந்தது.

கடைசியில் என்ன சொன்னது என்றே கேட்கவில்லையே என்று பாக்கெட் புலம்பினாள். காலர் அக்கா அவளை ஓர் அதட்டு அதட்டிவிட்டு, காஜாவின் தோளில் கை வைத்தாள்.

"எல்லாம் முடிஞ்சிடுச்சும்மா, கண்ணைத் திற. பேயும் இல்ல, பிசாசும் இல்ல. குரல் கொடுத்த பொண்ணு இந்நேரம் அவங்கம்மா மடியில படுத்துக்கிட்டு இதைத்தான் பார்த்துக்கிட்டிருக்கும்."

காஜா கண்ணைத் திறந்தாள். சத்தமில்லாத டிவியைப் பார்த்தாள். காலர் அக்காவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபமே இல்லை.

"அந்த அம்மா நான்தான்க்கா. குரல் கொடுத்துட்டு வந்த மூணாவது வாரமே எம் பொண்ணு காய்ச்சல்ல போயிட்டா. கடைசி வாரத்துல நீ என்ன பேசினேன்னு அவகிட்ட எவ்வளவோ கேட்டுப் பார்த்தேன், டிவியில வரும்போது நீயே கேட்டுக்கோம்மான்னு சொல்லிட்டா."