கம்பளிக் குல்லா

மார்கழிக் குளிர் தாங்கமாட்டாளே என்று, சிட்னியில் மகள் வீட்டுக்குப் போயிருந்த மனைவிக்குக் கம்பளிக் குல்லா ஒன்று அனுப்பிவைத்தேன். ஆயுள் முழுக்கப் பூகோளம் நடத்திய வாத்தியார் நான். பூமத்திய ரேகைக்குத் தெற்கே அது கடுங்கோடை என்பது, பார்சல் போய்ச் சேர்ந்த பிறகே உறைத்தது.

வீடியோவில் வடிவாம்பாள் குல்லாவோடு வந்தாள். முகமெல்லாம் வியர்வை.

"கழட்டித் தொலையேன் வடிவு."

"ஆசையா அனுப்பியிருக்கீங்க, இருக்கட்டும்."

"எப்ப வர்றே?"

"சாப்பிட்டீங்களா?"

எப்போது கேட்டாலும் இப்படித்தான் மழுப்புவாள். அங்கே மதியச் சாப்பாடே முடிந்திருந்தது. இங்கே நான் இன்னும் பல்கூட விளக்கவில்லை.

"பேச்ச மாத்தாதே. என் நெனப்பு இருக்கா, இல்லையா?"

மகள் பக்கத்தில் இல்லையே என்று திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

"இருப்பே கொள்ளலைங்க. நாளைக்கே டிக்கெட் போடுங்க."