கார்க் தரையில் ஷூ கூடாது

“இயேசு வெறுங்காலோடதான் வந்திருக்கார். அவர் தாராளமா உள்ளே வரலாம். மத்தவங்க ஷூவைக் கழட்டுங்க.”

வாசலை மறித்துக்கொண்டு நின்றார் அபிலியோ.

ஈஸ்டர் ஞாயிறு. வீடு வீடாகச் சிலுவையை எடுத்துப்போய் முத்தமிடக் கொடுத்துக்கொண்டிருந்தோம். முன்னால் மணியோடு நான். நடுவில் சிலுவையோடு கறிக்கடை வால்டெமார். அடுத்து கிரினோ சாமியார். அவருக்குப் பின்னால் பாதித் தெரு.

“கோயிலுக்குள்ளேயே ஷூவோடதானே வர்றீங்க, அபிலியோ?” என்றார் சாமியார்.

“கோயில்ல கருங்கல்லு, சாமி. இங்கே கார்க்.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்தத் தரையைப் போட்டவன் நான்.

“அண்ணே, ஷூவால ஒண்ணும் ஆகாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! வாசல்ல ஒரு மிதியடி. நாற்காலிக் காலுக்குக் கம்பளித் துண்டு. வாளித் தண்ணியைக் கொட்டாம பிழிஞ்ச துணியால துடைக்கணும். அவ்வளவுதான்.”

“தரை உன்னுதா, என்னுதாடா?”

“காலையிலேயே ஏத்திட்டான்,” என்றது பின்னால் ஒரு குரல்.

போன ஈஸ்டரிலிருந்து அவருக்குக் குடிகாரன் என்ற பெயர்தான். அன்று இதே முன்னறையில் ஒயின் தட்டு கவிழ்ந்து, அத்தனையும் சாமியாரின் வெள்ளை அங்கியில் கொட்டியது. “என் முழங்கை பட்டுடுச்சு. கொஞ்சம் குடிச்சிருந்தேன்,” என்றார் அபிலியோ. அன்றிலிருந்து ஊருக்கு அவர் ‘முழங்கை’ அபிலியோ.

புட்டி மூடி செய்யும் தொழிற்சாலையில் காலம் முழுக்க வேலை பார்த்தவர். “புட்டி வாயில அடைக்கிறதைப் போய் எவனாவது மிதிப்பானா?” என்று என் தொழிலையே கேலி செய்வார். அப்படிப்பட்டவர் தவக்காலத்தில் என் கடைக்கு வந்து நின்றார்.

மாதிரிப் பலகைகளை அவர் வீட்டில் பரப்பி வைத்தேன். நிறத்தை அவர் பார்க்கவே இல்லை. சமையலறையிலிருந்து ஒயின் கோப்பைகளைக் கொண்டுவந்தார். ஒவ்வொரு பலகை மேலும் ஒன்றாகப் போட்டார். மெல்லியதில் சுக்குநூறு. அடுத்ததில் கீறல். ஆகத் தடித்ததில் ஒரு துள்ளு துள்ளி உருண்டது.

“இதைப் போடு.”

“நிறம் கொஞ்சம் மங்கல், அண்ணே.”

“குடிகாரனுக்கு எந்த நிறமா இருந்தா என்னடா?”

அறையின் காற்றுக்குப் பழகட்டும் என்று பலகைகளை அங்கேயே அடுக்கிவிட்டு வந்தேன். ஒட்டப் போன நாளில், மிச்சமிருந்த அடுக்கின் மேல் அவர் மனைவி இதலினா அக்கா உட்கார்ந்திருந்தார். கைகள் இரண்டும் ஏப்ரனுக்கு அடியில்.

“எதுக்கு இந்தச் செலவு? ஈஸ்டருக்குக் கதவைச் சாத்திடுவோம். பூத் தூவாத வாசலைச் சிலுவை தாண்டிப் போயிடும். இன்னொரு தடவை அந்த அவமானம் வேணாம்ங்க.”

“கதவு திறந்திருக்கும். பூவும் தூவுவேன்,” என்றார் அபிலியோ.

பெண்டாட்டி கெஞ்சுவதுகூடக் காதில் விழாத திமிர் என்று நினைத்துக்கொண்டேன்.

சொன்னபடியே வாசலில் பூத் தூவியிருந்தார். கூடவே இந்த ஷூ ரகளை.

சாமியார் பெருமூச்சு விட்டுக் குனிந்தார். கறுப்புக் காலுறையின் ஓட்டை வழியாகக் கட்டைவிரல் எட்டிப் பார்த்தது. நான் குனியக் குனிய மணி தானாக அடித்தது. வால்டெமார் ஒற்றைக் காலில் தள்ளாட, அபிலியோ சிலுவையை வாங்கிக்கொண்டே சொன்னார்:

“பார்த்துடா. இவரைக் கீழே போட்டா, மறுபடியும் முதல்லேருந்து உயிர்த்தெழணும்.”

வால்டெமாரின் ஷூ கழன்றது.

தெருவே எட்டிப் பார்த்தது.

சிவப்புக் காலுறை. அதில் கழுகு. லிஸ்பன் கால்பந்து அணியின் காலுறை! போர்ட்டோ அணி தோற்றால் அடுப்பு மூட்டாத ஊர் எங்களுடையது. வால்டெமாரோ, போர்ட்டோ தோற்ற மறுநாள் கடையையே திறக்காதவன்.

“அடப்பாவி! நீ அந்தக் கட்சியா?”

“சாமி, இவன் தொட்ட சிலுவைக்கு முத்தம் கொடுக்கமாட்டேன். முதல்ல அதைக் கழுவுங்க!”

“இவன்கிட்ட கறி வாங்கித் தின்ன வயித்தையும் சேர்த்துக் கழுவணும்!”

ஷூவைக் கழட்டிப் போட்டுவிட்டு எல்லோரும் உள்ளே வந்துவிட்டார்கள். அறை முழுக்க ஆட்கள், அத்தனை பேரும் அந்தக் காலையே பார்த்து ஊளையிட்டார்கள். சாமியார் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். வால்டெமாரின் முகம் காலுறையைவிடச் சிவந்திருந்தது.

என் ஷூ நாடாவில் முடிச்சு விழுந்திருந்தது. வாசலிலேயே குந்தியிருந்தேன். அதனால் எனக்கு மட்டும் சமையலறைப் பக்கம் தெரிந்தது.

இதலினா அக்கா ஒயின் தட்டோடு வந்தார். கோப்பைகள் ஒன்றோடொன்று மோதி நடுங்கின. நடுங்கியது கோப்பைகள் இல்லை, அவருடைய கைகள். மணிக்கட்டிலிருந்து விரல் நுனிவரை, நிறுத்த முடியாத நடுக்கம்.

ஒரு கோப்பை சரிந்தது. விழுந்தது. துள்ளியது. சோபாவுக்கு அடியில் உருண்டு போனது.

சத்தமே இல்லை. யாரும் திரும்பவில்லை.

அபிலியோ சிலுவையைச் சாமியார் கையில் திணித்தார். நாலே எட்டில் அங்கே போனார். சிந்தியதைக் காலுறைக் காலாலேயே துடைத்தார். எப்போதும் தானே பரிமாறுகிறவர் மாதிரித் தட்டை வாங்கிக்கொண்டார்.

“சிரிச்சது போதும், குடிங்க சாமி!”

எல்லோருக்கும் கொடுத்தார். தனக்கு எடுத்துக்கொள்ளவில்லை.

இதலினா அக்கா வெறுங்கையோடு முன்னால் வந்து சிலுவைக்கு முத்தம் கொடுத்தார். நிமிர்ந்தபோது அவர் கண்ணிலும் அந்தச் சிவப்புக் காலுறை பட்டது. ஒரு வருஷத்துக்குப் பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்ததைப் பார்த்தேன்.

வெளியே வந்து ஷூ மாட்டும்போது வால்டெமாரை இடித்தேன்.

“எத்தனை வருஷமாப்பா எங்களை ஏமாத்திக்கிட்டிருக்கே?”

“நேத்திலிருந்து,” என்றான், நாடாவை இழுத்துக் கட்டியபடி. “இதலினா கைப்பக்கம் ஒருத்தன் கண்ணும் போகக்கூடாதுன்னு, அபிலியோதான் இந்தக் கண்றாவியை வாங்கிட்டு வந்து என் கால்ல மாட்டிவிட்டான்.”