குறட்டை விடுவாரோ?

டேய், நான் லொட்ஜில ரூம் போட்டன் எண்டதும் பல்லை இளிக்காதீங்கோடா. தனியத்தான் போட்டனான். வலன்ரைன், நீ முதல் வாயை மூடு. ஏசிக்குள்ள இருந்து கொட்டாவி விடுற உனக்கு வான் ஓடுறவன்ர கஷ்டம் விளங்காது.

யாழ்ப்பாணத்தில இருந்து இரவிரவா ஓடி, விடிய ஆறு மணிக்குக் கொழும்பு வெள்ளவத்தையில ஆக்களை இறக்கினன். அண்டிரவே ஒன்பது மணிக்குத் திரும்ப ஓடோணும். கொட்டாஞ்சேனைக்கு வீட்டை போனா, நான் படிப்பைப் பாதியில விட்ட கதையை அம்மா முதலில இருந்து தொடங்குவா. அதான் வான் முதலாளி அங்கயே லொட்ஜில ரூம் எடுத்துத் தந்தவர்.

கட்டில்ல சரிஞ்சு அஞ்சு நிமிசமில்லை. பக்கத்து ரூமில ஒரு இடி.

"வட் இஸ் யுவர் ஹஸ்பன்ட்ஸ் நேம்?"

"தனஞ்சயன்!"

"ஆ?"

"த... ன... ஞ்சயன்!"

பொலிஸ் விசாரணையாக்கும் எண்டு எழும்பி இருந்திட்டன். பிறகுதான் விளங்கிச்சு. மகளுக்கு அண்டைக்கு ஒரு மணிக்கு எம்பசியில இன்ரவியூ. கனடா மாப்பிள்ளையைக் கட்டிப்போட்டு ரெண்டு வருசமா விசாவுக்குக் காத்துக்கொண்டிருக்கிற பிள்ளை. தகப்பன்தான் ஒபிசர் வேசம். ஆளுக்குக் காது மந்தம். அதால ஒபிசர் கத்துறார், மகள் அதைவிடக் கத்துறா.

இங்கிலீசு முடிய, தமிழ்.

"குறட்டை விடுவாரோ?"

"அப்பா! அதெல்லாம் கேக்க மாட்டினம்!"

"கேப்பாங்கள். கட்டின மனுசிக்குத் தெரிஞ்சிருக்கோணுமாம். முந்தி இன்ரவியூவுக்குப் போன எங்கட அருந்ததியிட்டக் கேட்டவங்கள். சொல்லு, விடுவாரோ?"

"ஓம்!"

"ஆ?"

"விடுவார்! விடுவார்!"

காலி வீதி பஸ்ஸில போனவனுக்கும் தெரிஞ்சிருக்கும், தனஞ்சயன் குறட்டை விடுவார் எண்டு.

அரை மணித்தியாலத்தில எனக்கு எல்லாம் பாடம். ஆளுக்குப் பேக்கரியில வேலை. கத்தரிக்காய் தின்ன மாட்டார். தாய்க்காறிக்குச் சீனி வருத்தம். பள்ளிக்கூடத்தில இப்பிடி ஒராள் கத்திக் கத்திச் சொல்லித் தந்திருந்தா நானும் பாஸடா. அந்த எம்பசியில போய் நிண்டிருந்தா எனக்கே விசா குத்தித் தந்திருப்பாங்கள்.

சுவரில குத்தினன்.

"ஆ?" எண்டார் மனுசன். ஆரோ கதவைத் தட்டுறாங்கள் எண்டு போய்த் திறந்து பாத்துப்போட்டு, திரும்ப வந்து முதல் கேள்வியில இருந்து தொடங்கினார்.

எனக்கு உச்சந்தலைக்கு ஏறிட்டுது. கீழ இறங்கி மனேஜர் றேமண்ட் அங்கிளைப் பிடிச்சன்.

"அங்கிள், இண்டைக்கு ராவைக்குப் பதினாலு பேரை ஏத்திக்கொண்டு யாழ்ப்பாணம் ஓடோணும். இப்ப நித்திரை கொள்ளாட்டி புத்தளம் தாண்ட முதல் கண் சொருகும். பதினாலு பிரேதத்துக்கும் ஆர் பொறுப்பு? நீங்களோ, மேல கத்துற அந்தக் கிழவரோ?"

அங்கிளுக்கு முகம் வெளுத்துப் போச்சு. மேல ஓடிப்போய் ஏதோ சொன்னார். பத்து நிமிசத்தில கதவு பூட்டுற சத்தம். பிறகு, ஃபேன் சுத்துறது மட்டும்தான்.

எப்பிடிடா நம்மட வாய்? கத்தாமக் குளறாம ரெண்டு பேரைக் கிளப்பினனோ இல்லையோ?

ராவு ஒன்பதுக்கு வான் வெளிக்கிடேக்க கடைசி ரெண்டு பேர் ஏறினவை. ஒரு வயசாளி, பின்னால ஒரு பிள்ளை.

"ஐயா, சீற் நம்பர்?"

"ஆ?"

அந்தக் குரல் எனக்குத் தெரியும்.

"தம்பிதானோ பக்கத்து ரூம் டிரைவர்?" மனுசன் என்ர ரெண்டு கையையும் பிடிச்சிட்டார். "குறை நினையாதேங்கோ. காது மந்தம், என்ர சத்தம் எனக்கே தெரியாது. பிறகு வடிவா நித்திரை கொண்டனீங்களோ?"

"ஓ... ஓம் ஐயா."

"அது போதும். மனேஜர் சொன்ன உடன மகள் உஷாந்தியைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போட்டன். ரயில் றோட்டுக்கு அங்கால கல்லில இருந்துதான் மிச்சக் கேள்வியெல்லாம் கேட்டனான். வெயில்தான் சாடையாக் கூட."

"இன்ரவியூ எப்பிடி, தங்கச்சி?"

பிள்ளை வாயைத் திறந்தா. காத்துத்தான் வந்துது. கடலுக்கும் ரயிலுக்கும் தகப்பன்ர காதுக்கும் மேலால கத்தி, தொண்டை அடைச்சுப் போச்சு.

"கண்ணாடிக்கு அங்கால இருக்கிற ஒபிசருக்கு ஒண்டும் கேக்கேல்லயாம்," தகப்பன்தான் சொன்னார். "இன்னொரு திகதி அனுப்புவினமாம். எப்பவோ தெரியாது. ரெண்டு வருசம் இருந்தனாங்கள், இன்னும் கொஞ்சம் இருப்பம். பதினாலு உசிரை விடப் பெரிசே தம்பி?"

பிள்ளையின்ர தொண்டைக்கெண்டு ஃபிளாஸ்க்கில மல்லிக் கோப்பி வச்சிருந்தவர். அதில பாதியை எனக்கு ஊத்தினார்.

"குடியுங்கோ. கண் சொருகாது."

விடியுமட்டும் முன் சீற்றில முழிச்சிருந்து என்னோட கதைச்சுக்கொண்டே வந்தார். எல்லாம் மருமகன்ர கதைதான். எனக்குத் தெரியாதது ஒண்டுமில்லை.

ஏன்டா, இப்ப ஒருத்தனும் சிரிக்கேல்ல?

மிச்சத்தையும் கேளுங்கோ. அவை எழும்பிப் போன பிறகும் நான் கண் மூடேல்ல. பின்னேரம் அஞ்சு மணி மட்டும் போனைச் சார்ஜில குத்திவச்சுச் சுடுற கேம் விளையாடினனான். காலமையும் அதுதான். அவையின்ர சத்தத்தில எதிரி வாற காலடி கேக்காம மூண்டு தரம் தோத்திட்டன்.

அதுக்குத்தான்டா மனேஜரிட்டப் போனனான்.