ஐஸ்கிரீம் பெட்டியில் கருடாழ்வார்

"மேடம், அந்த மாமா வந்து கடையில குந்திக்கினு கீறாரு!"

ஃபோனில் அஃப்தாப் பாய் கிசுகிசுத்ததும் தாரணிக்குக் கையிலிருந்த பிரஷ் நழுவியது.

"எந்த மாமா?"

"நாமம், வெள்ளை வேட்டி, கறார் மூஞ்சி. நீங்க சொன்னா மாதிரியே கீறாரு. கரெக்டா ஃப்ரீஸருக்கு எதிர்லயே சேர் போட்டுக்கினாரு!"

தாரணிக்குப் பாதி உயிர் போய்விட்டது. பின்னே? கருடாழ்வார் அந்த ஃப்ரீஸருக்குள்தானே படுத்திருக்கிறார்!

பழைய மரச் சிற்பங்களுக்கும் செப்புச் சிலைகளுக்கும் வைத்தியம் பார்ப்பது தாரணியின் வேலை. அடையாறில் லேப். மயிலாப்பூர் பஜனை மடம் ஒன்றின் கருட வாகனத்தை வண்டு அரிக்கிறது என்று கொண்டுவந்து ஒப்படைத்தார் விஜயராகவன் மாமா. மடத்துக் கமிட்டித் தலைவர். வெளியில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத மனுஷர்.

"இதோ பாரும்மா, மருந்து கிருந்து அடிக்கப்படாது. மடியான இடத்துல வச்சுக்கணும். கண்ட இடத்துல வச்சேன்னு தெரிஞ்சுது, அப்பறம் நான் பொல்லாதவன்."

மருந்து வேண்டாமென்றால் குளிர்தான். இறக்கைகளைக் கழற்றி, காற்றுப் புகாமல் பிளாஸ்டிக்கில் சுற்றி, இரண்டு வாரம் உறைகுளிரில் போட்டுவிட்டால் வண்டும் சாகும், முட்டையும் சாகும். நடுவில் வெளியே எடுத்தால் முட்டை பிழைத்துக்கொள்ளும். அப்புறம் கருட சேவைக்குத் தூக்கக் கருடன் இருக்காது, மரத்தூள்தான் இருக்கும்.

சொல்லி வைத்தாற்போல் லேப் ஃப்ரீஸர் அன்றைக்கே படுத்துவிட்டது. கருடன் கொள்ளும் அளவுக்குப் பெரிய பெட்டி, அவளுக்குத் தெரிந்து, பெசன்ட் நகரில் பாயின் ஐஸ்கிரீம் கடையில்தான் இருந்தது.

"வாடகை தந்துடறேன் பாய்."

"இன்னா மேடம் நீங்க! சாமிகிட்ட வாடகை வாங்கினேன்னு தெரிஞ்சா எங்கம்மா வூட்ல சோறு போடாது" என்று அவர் குல்ஃபியையெல்லாம் காலி பண்ணிப் பெட்டியைக் கொடுத்துவிட்டார்.

அந்தப் பெட்டிக்கு எதிரில்தான் இப்போது மாமா! தாரணி ஆட்டோ பிடித்து ஓடினாள்.

மாமா கையில் ஒன்றும் இல்லை. விறைப்பாக உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் ஒரு வாக்கிங் கோஷ்டி, ஆளுக்கொரு கப்போடு.

"வாம்மா. நீ எங்க இந்தப் பக்கம்?"

"ஐஸ்... ஐஸ்கிரீம் சாப்பிட, மாமா. நீங்க?"

"பீச்சுல வாக்கிங்."

மயிலாப்பூரில் பீச்சுக்கா பஞ்சம்? 29சி பஸ்ஸைப் பிடித்து இங்கே வந்து நடப்பானேன்?

மாமா பாய் பக்கம் திரும்பினார். "அந்தப் பெரிய பெட்டியில என்ன?"

"ரிப்பேர் சார்."

"ரிப்பேர்ங்கறேள், உர்ர்னு ஓடிண்டிருக்கே?"

"அதான் சார் ரிப்பேரு. நிறுத்தினா நிக்க மாட்டேங்குது."

மாமா மறுநாளும் வந்தார். அதற்கடுத்த நாளும் வந்தார். கோஷ்டி பெருத்துக்கொண்டே போனது. தாரணியும் காவலுக்குப் போய் உட்கார்ந்து, தினம் ஒரு பட்டர்ஸ்காட்ச் தின்று, தொண்டை கட்டிக்கொண்டாள்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சந்தேகப்பட்டு வேவு பார்க்கிறார் மனுஷர். தன் பிழைப்பை ஓரங்கட்டிவிட்டுக் கருடனுக்கு இடம் கொடுத்தவர் பாய். அவரையே நோட்டம் விடுவதா? மடியாம், மடி!

ஒருநாள், கோஷ்டியிலிருந்த தி.நகர் ஜவுளிக்கடை சுயம்புலிங்கம் ஃப்ரீஸர் மூடியில் கை வைத்துவிட்டார். "குல்ஃபியை இதுக்குள்ளதான் ஒளிச்சு வச்சிருக்கீரு!"

தாரணி கத்த வாயைத் திறப்பதற்குள் மாமா அதட்டினார்.

"கையை எடும் ஓய்! ரிப்பேர்னு சொல்றாரோல்லியோ? ஷாக் அடிச்சுத் தொலைக்கப் போறது."

ரிப்பேர் கதையை மாமா நம்பியதற்காகத் தாரணி பெருமாளுக்கு நன்றி சொன்னாள்.

இரண்டு வாரம் முடிந்தது. கருட சேவை நெருங்கிவிட்டது. கருடனை இன்றைக்கே எடுத்தாக வேண்டும். கோஷ்டி கலைந்த பிறகும் மாமா மட்டும் நகர்வதாக இல்லை. ஆனது ஆகட்டும் என்று தாரணி எழுந்தாள்.

"மாமா, மன்னிக்கணும். கருடன்... இந்தப் பெட்டிக்குள்ளதான் இருக்கார்."

"தெரியும்."

பாய் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது.

"வச்ச மறுநாளே தெரியும். சேவிச்சுட்டு வரலாம்னு உன் லேபுக்குப் போனேன். 'கருடன் ஐஸ்கிரீம் கடைக்குப் போயிருக்காரு'ன்னான் உங்க வாட்ச்மேன். ரெண்டுல ஒண்ணு பார்த்துடறதுன்னு கோவமாத்தான் இங்க வந்தேன். வாசல்ல ஒரு குடும்பம் குல்ஃபி கேட்டுண்டு நிக்கறது. 'வைக்க எடமில்லீங்க'ன்னு இவர் சிரிச்சுண்டே திருப்பி அனுப்பறார். எனக்குச் சுருக்குன்னுது. உள்ள வராமலே திரும்பிட்டேன். நம்ம கருடனால இவர் வியாபாரம் படுத்துடப்படாதேன்னுதான், இந்தக் கும்பலை தினம் ஓட்டிண்டு வந்தேன்."

தாரணிக்குக் கண் கலங்கிவிட்டது. இவரையா வேவு பார்க்கிறார் என்று நினைத்தோம்?

"அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மாமா! நான் தினம் செத்துப் பிழைச்சேனே!"

மாமா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எனக்குத் தெரியும்னு சொன்னா கமிட்டியைக் கூட்டணும். கூட்டினா, தலைவர்ங்கற முறையில முதல் ஆளா நானேதானே எதிர்த்தாகணும்!"