கறுத்த கண்ணாடி

நகரத்துக் கட்டடங்களில் ஜன்னல் வழியே எவ்வளவு வெயில் வரலாம் என்று கணக்குப் போடும் மென்பொருளை எழுதியவள் யாழினி. அறையில் ஆளின் மூச்சும் உடற்சூடும் இருந்தால் கண்ணாடி வெளிச்சம் விடும், ஆளில்லாவிட்டால் கறுத்துவிடும்.

"பகல்ல தூங்குறவனுக்கு இதென்ன தண்டனை?" என்று நைட் ஷிப்ட் பார்க்கும் கணவன் அதியன் தினமும் முணுமுணுப்பான்.

அன்று நண்பகலில், அலுவலகத் திரையில் அவர்கள் படுக்கையறைக் கண்ணாடி கறுத்திருந்தது. யாழினி மாமியாருக்கு போன் செய்தாள்.

"அத்தை, அவர் வெளிய போயிட்டாரா?"

"இல்லம்மா, தூங்குறான். கதவுகிட்ட நின்னு சாப்பிடக் கூப்பிட்டேன், எந்திரிக்கல."

யாழினி திரையை மறுபடி பார்த்தாள்; கண்ணாடி கறுத்தேதான் இருந்தது.

"எத்தனை நாளாச்சு அவன் இப்படி அசந்து தூங்கி. பாவம்னு உன் கண்ணாடியே இருட்டாக்கிக் குடுத்திருக்கு" என்றாள் அத்தை.