தெருநாய்

'பாதுகாப்பான இடம்' என்று திரையில் பெரிதாகப் போட்டுவிட்டு, பயிற்சியாளர் போய்க் கதவைத் தாழிட்டார்.

ஏசி குளிர் வெளியே போகிறதாம்.

கைபேசிகள் ஏற்கெனவே ஒரு பிளாஸ்டிக் கூடைக்குள் போயிருந்தன. ஒன்றுக்குப் போக வேண்டுமென்றால் கையைத் தூக்க வேண்டும்.

மனம் காயப்பட்டு வருகிற நோயாளிகளிடம் எப்படி நடந்துகொள்வது என்பதுதான் அன்றைய பாடம். "யாரையும் பேசச் சொல்லி வற்புறுத்தக் கூடாது" என்று எல்லோரையும் உரக்கச் சொல்ல வைத்தார். முணுமுணுத்தவர்களைத் தனியாக எழுப்பி இன்னொரு தடவை சொல்ல வைத்தார்.

தீக்காய வார்டு சிஸ்டர் ஸ்வெட்டர் கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொண்டு கொட்டாவி விட்டாள். மருத்துவமனையில் அவளுக்கு மிளகாய் என்று பெயர். பெரிய டாக்டரே அவளிடம் பேனா இரவல் கேட்க யோசிப்பார்.

பக்கத்து நாற்காலியில் ஆம்புலன்ஸ் டிரைவர். அவன் பெயர் சைரன். வண்டியில் இருப்பதை நிறுத்தினாலும் இவன் வாயை நிறுத்த முடியாது. மாதம் பிறந்தால் மட்டும் ஒரு நாள் லீவு போடுவான். நடக்க முடியாத அப்பாவை முதுகில் தூக்கிக்கொண்டு பென்ஷன் வாங்கப் போவான். இந்தக் காலத்தில் இப்படி ஒரு பிள்ளையா என்று மருத்துவமனையே அவனை மெச்சும்.

"இப்ப என்ன பண்றீங்கன்னா," பயிற்சியாளர் மேசைமணியை எடுத்தார். "உங்க வாழ்க்கையிலேயே உங்களை ரொம்ப பாதிச்ச சம்பவத்தை பக்கத்துல இருக்கறவங்ககிட்ட மனசுவிட்டுச் சொல்றீங்க. மணி அடிச்சதும் மாத்திக்கணும்."

"சொல்ல இஷ்டமில்லைன்னா?" என்றாள் மிளகாய்.

"சான்றிதழ் கிடையாது மேடம்." இனிமையாகச் சிரித்தார்.

சான்றிதழ் இல்லாவிட்டால் அடுத்த மாதம் முதல் வார்டு இல்லை. ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து பஞ்சுப் பொட்டலம் அடுக்க வேண்டியதுதான். அந்த வார்டை விட அவளுக்கு மனமில்லை. அதற்காக இந்தக் குளிர்பெட்டிக்குள் உட்கார்ந்து, மணிச் சத்தத்துக்கு ஏற்றபடி அதைச் சொல்லவும் வாய் வராது.

அவளுடைய வார்டில் முதல் நாளே யாரும் உண்மையைச் சொன்னதில்லை. ஸ்டவ் வெடித்துவிட்டது என்பார்கள். சுடுதண்ணீர் கொட்டிவிட்டது என்பார்கள். "ஆமாம்மா, ஸ்டவ்னா வெடிக்கத்தான் செய்யும்" என்று தலையாட்டிக்கொண்டே மருந்து போடுவாள் மிளகாய். ஸ்ட்ரெச்சரைத் தள்ளி வந்த சைரன் பக்கத்திலேயே நிற்பான்.

பிறகு ஒரு நாள், கட்டு மாற்றும்போது, அந்த ஸ்டவ்வுக்குத் தானாகவே கையும் காலும் முளைத்து ஒரு பெயரும் வரும்.

மணி அடித்தது.

"நாய் கடிச்சிருச்சு" என்று ஆரம்பித்தாள் மிளகாய்.

ஆரம்பித்த பிறகு அவளுக்கே உற்சாகம் வந்துவிட்டது. பழுப்பு நிறத் தெருநாய். ஒற்றைக் காது. கையில் பன் பாக்கெட்டோடு ஓடினாள். செருப்பு அறுந்தது. கையைக் கவ்விவிட்டது. நடுவில் இரண்டு தடவை உறுமியும் காட்டினாள். முன்வரிசைக் கம்பவுண்டர் திரும்பிப் பார்த்தார்.

மற்ற நாளாக இருந்தால், 'உங்களைக் கடிச்ச நாய்க்கு ஊசி போட்டாங்களா சிஸ்டர்?' என்று கேட்டு ஊரையே சிரிக்க வைத்திருப்பான் சைரன்.

இன்று சிரிக்கவில்லை. அவளுடைய ஸ்வெட்டர் கையைப் பார்த்தான்.

முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவும்போது மட்டும் அவள் அதைச் சுருட்டுவாள். உள்ளே இருக்கும் தழும்பு இஸ்திரிப்பெட்டியின் மூக்கைப் போலக் கூராக இருக்கும். எந்த நாய்க்கும் அப்படி ஒரு வாய் கிடையாது.

"நாய்னா கடிக்கத்தான் செய்யும், சிஸ்டர்" என்றான்.

யாருடைய வசனம் அது என்று மிளகாய்க்கு உடனே தெரிந்தது.

மணி அடித்தது.

சைரன் வாயைத் திறந்தான். மூடினான். அவன் இப்படி வார்த்தை தேடி அவள் பார்த்ததே இல்லை.

"எனக்கும் அதே நாய்தான் சிஸ்டர்" என்றான். "பழுப்பு. ஒத்தைக் காது."

"நாய்னா கடிக்கத்தான் செய்யும், தம்பி" என்றாள் மிளகாய்.

பயிற்சியாளர் கண்ணீர் துடைக்கிற காகிதப் பெட்டியோடு வந்து நின்றார். இரண்டு பேருக்கும் நாய்க்கடி என்று கேட்டதும் அவர் முகம் தொங்கிவிட்டது. "பரவாயில்லை, சின்னச் சின்ன காயத்தையும் நாம மதிக்கணும்" என்று சொல்லிவிட்டு, அழுகிற ஆளைத் தேடி அடுத்த வரிசைக்குப் போனார்.

சான்றிதழ் உறுதி.

சைரன் குரலைத் தாழ்த்தினான். "அது இன்னும் இருக்கா, சிஸ்டர்?"

"எப்பவோ துரத்திவிட்டுட்டேன். உன்னோடது?"

அவன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டான்.

"மாசம் பொறந்தா பென்ஷன் வாங்குது, சிஸ்டர். நான்தான் தூக்கிட்டுப் போறேன்."